சும்மா ஒரு மலைக்கு

சென்னையில் மலை இல்லை. இருப்பது பரங்கிமலை; முந்நூறு அடி உயரம், மூச்சு வாங்குவதற்குள் உச்சி வந்துவிடும். மலை வேண்டுமென்றால் ஏலகிரிக்கோ ஜவ்வாதுக்கோ ஏற்காட்டுக்கோ போக வேண்டும். ஒரே நாளில் திரும்ப வேண்டுமென்றால் ஆந்திர எல்லையைத் தாண்டி நாகலாபுரம், தடா. வெள்ளிக்கிழமை இரவுகளில் தி.நகரிலிருந்தும் அடையாறிலிருந்தும் இப்படி வேன்கள் கிளம்புகின்றன. முதுகுப் பையும் தண்ணீர் பாட்டிலுமாக அவற்றில் ஏறுபவர்களில் இன்று பெண்கள் நிறைய. கல்லூரி மாணவிகள், ஐ.டி. ஊழியர்கள், பிள்ளைகளைக் கணவரிடம் விட்டுவிட்டு வருபவர்கள், ஓய்வு பெற்ற ஆசிரியைகள்.

எங்கள் மயிலாப்பூர் வீட்டில் அண்ணன் "சும்மா ஃபிரெண்ட்ஸோட மலைக்குப் போயிட்டு வரேம்மா" என்பான். "சாப்பாடு கட்டித் தரட்டுமா?" என்று அம்மா கேட்பார். அதே வாக்கியத்தை நான் சொன்னால் கேள்விகள் வேறு. யார் யார் வர்றாங்க? ராத்திரி எங்க தங்குவீங்க? எல்லாவற்றுக்கும் பதில் சொன்ன பிறகு கடைசியாக ஒன்று வரும்: "அங்க என்னதான் இருக்கு?"

அந்தக் கடைசிக் கேள்விதான் வரலாற்றுக் கேள்வி. பெண்கள் காலங்காலமாக மலையேறியிருக்கிறார்கள். வேலைக்காக, வேண்டுதலுக்காக, விறகுக்காக, உடம்பு தேறுவதற்காக, படிப்புக்காக ஏறியிருக்கிறார்கள். காரணம் எதுவும் சொல்லாமல் 'சும்மா' ஏறுவதற்குத்தான் அனுமதி இல்லை. அந்த அனுமதியை யார் யார் கையில் வைத்திருந்தார்கள் என்று தேடிப் பார்த்ததன் விளைவே இந்தக் கட்டுரை.

செவிலிக்குச் சொன்ன விளக்கம்

நம் இலக்கியத்தில் பெண்களின் மலை உலாவுக்கு மிகப் பழைய பதிவுகளில் ஒன்று கபிலரின் குறிஞ்சிப்பாட்டு. தொண்ணூற்றொன்பது பூக்களின் பெயர்கள் வரும் பாட்டு என்று பள்ளியில் படித்திருப்போம். அந்தப் பூக்களைப் பறித்தது யார் என்பதை ஆசிரியர்கள் அவ்வளவு அழுத்திச் சொல்வதில்லை. தலைவியும் தோழியும்தான். தினைப்புனத்தில் கிளி ஓட்ட அனுப்பப்பட்டவர்கள், அருவியில் குளிக்கிறார்கள், பூப் பறித்துப் பாறையில் குவிக்கிறார்கள். இன்றைய மொழியில் சொன்னால் வேலைக்குப் போன இடத்தில் ஒரு நாள் பிக்னிக்.

ஆனால் இந்தப் பாட்டு முழுவதும் யாரிடம் சொல்லப்படுகிறது? செவிலித்தாயிடம். தலைவியின் காதலை மறைக்காமல், அதே சமயம் அவள்மேல் பழி வராமல், அன்று மலையில் நடந்ததைத் தோழி வரிசையாக எடுத்துச் சொல்கிறாள். அத்தனை பூக்களும் அருவியும் யானையும் ஒரு விளக்கத்துக்குள்தான் வருகின்றன. மலைக்குப் போய்வந்த பெண் வீட்டுக்குக் கணக்குச் சொல்ல வேண்டும் என்பது இரண்டாயிரம் ஆண்டுப் பழக்கம் போலும்.

டோலியில் ஏறியவர்கள், டோலியைத் தூக்கியவர்கள்

'ஓய்வுக்காக மலைக்குப் போவது' என்ற வழக்கத்தை இங்கே பரப்பியவர்கள் ஆங்கிலேயர்கள். 1819இல் ஜான் சல்லிவன் நீலகிரிக்குப் போனார்; அதைத் தொடர்ந்து உதகமண்டலம் உருவானது. 1845இல் மதுரையிலிருந்த அமெரிக்க மிஷனரிகள் கொடைக்கானலில் வீடு கட்டினார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து மதராஸ் அரசாங்கமே கோடையில் கோப்புகளோடு ஊட்டிக்குக் குடிபெயர்ந்தது.

இந்த மலைநகரங்கள் வெள்ளைக்காரப் பெண்களின் உடம்பைக் காரணம் காட்டி வளர்ந்தவை. வெயில் அவர்களுக்கு ஆகாது, காய்ச்சலில் குழந்தைகள் இறக்கிறார்கள், ஆகவே குளிர்ச்சியான இடம் வேண்டும் என்றார்கள். அதில் உண்மையும் இருந்தது. மிஷனரிகள் கொடைக்கானலுக்கு ஏறியதற்குக் காரணமே கீழே நோயில் பறிகொடுத்த உயிர்கள்தான். ஆனால் அந்தப் பெண்களும் 'சும்மா' ஏறவில்லை. மருத்துவர் சொல்லி ஏறினார்கள். கணவரின் பதவியை ஒட்டி ஏறினார்கள்.

எப்படி ஏறினார்கள் என்பதும் முக்கியம். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ரயில் 1899இல்தான் வந்தது, ஊட்டிக்கு 1908இல். கொடைக்கானலுக்கு இன்றும் ரயில் இல்லை. ரயிலும் நல்ல சாலையும் வருவதற்கு முன்பு சீமாட்டிகளும் குழந்தைகளும் நாற்காலியிலும் டோலியிலும் உட்கார்ந்து ஏறினார்கள். தூக்கியவை இந்த ஊர் மனிதர்களின் தோள்கள். மலையை ரசித்தவர் எழுதிய கடிதமும் நாட்குறிப்பும் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. தூக்கியவர் எதையும் எழுதி வைக்கவில்லை.

பிறகு காட்டை அழித்துக் காப்பியும் தேயிலையும் நட்டார்கள். அதற்கு ஆயிரக்கணக்கான தமிழ்ப் பெண்கள் மலையேற்றப்பட்டார்கள். வால்பாறைத் தோட்டங்களில் அவர்கள் பட்ட பாட்டை, அங்கே மருத்துவராக இருந்த பி.எச். டேனியல் 1969இல் நாவலாக எழுதினார். தமிழில் அது 'எரியும் பனிக்காடு'. இன்று மூணாறிலோ வால்பாறையிலோ நாம் நின்று படம் எடுத்துக்கொள்ளும் பச்சைச் சரிவு இயற்கைக் காட்சி அன்று. அது பெண்களின் கையால் ஆன தொழிற்சாலைத் தளம். படத்தின் ஓரத்தில் கூடையோடு நிற்கும் பெண்ணுக்கு அந்த மலை ஒருநாளும் ஓய்விடமாக இருந்ததில்லை.

செடி தேடிப் போன மாணவி

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியப் பெண்களில் மிகச் சிலருக்குக் காட்டுக்குள் போக ஒரு புதிய அனுமதிச் சீட்டு கிடைத்தது. அதன் பெயர் தாவரவியல்.

1914இல் மயிலாப்பூரின் ஓரத்தில், மெரினாவைப் பார்த்தபடி, மதராஸ் நகரின் முதல் பெண்கள் கல்லூரி தொடங்கியது. முதல்வர் டோரதி டி லா ஹே. பிற்பாடு அதுதான் ராணி மேரிக் கல்லூரி ஆனது. அங்கே படித்தவர்களில் ஒருவர் தலசேரியிலிருந்து வந்த எடவலத் கக்கட் ஜானகி அம்மாள். 1897இல் பிறந்தவர். ராணி மேரியில் படித்துவிட்டு மாநிலக் கல்லூரியில் 1921இல் தாவரவியலில் ஹானர்ஸ் பட்டம் பெற்றார். சென்னைப் பெண்கள் கிறித்துவக் கல்லூரியில் பாடம் நடத்தினார். பார்பர் உதவித்தொகை பெற்று அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்குப் போய் 1931இல் முனைவர் பட்டம் வாங்கினார். கோயம்புத்தூர் கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் கரும்பின் குரோமோசோம்களை ஆராய்ந்தார். திருமணமாகாத பெண், அதுவும் தீயர் சமூகத்தைச் சேர்ந்தவர். ஆண்கள் நிறைந்த ஆய்வு உலகில் அவர் வழி எளிதாக இருக்கவில்லை. 1940களை இங்கிலாந்தில் கழித்தார். சி.டி. டார்லிங்டனோடு சேர்ந்து பயிர்த் தாவரங்களின் குரோமோசோம் பட்டியல் நூலை 1945இல் வெளியிட்டார். நேருவின் அழைப்பில் திரும்பி வந்து இந்தியத் தாவர மதிப்பாய்வகத்தைச் சீரமைக்கும் பணியில் சேர்ந்தார்.

ஜானகி அம்மாளின் கடைசி ஆண்டுகள் சென்னையை ஒட்டிய மதுரவாயலில், சென்னைப் பல்கலைக்கழகத்தின் தாவரவியல் கள ஆய்வகத்தில் கழிந்தன. அப்போது கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்கில் அணை கட்டும் திட்டம் பெரும் சர்ச்சையாகியிருந்தது. எண்பது வயதில் அவர் அந்த மழைக்காட்டுக்காகக் குரல் கொடுத்தார். அங்குள்ள தாவரங்களின் குரோமோசோம்களை ஆராயும் வேலையையும் எடுத்துக்கொண்டார். 1984 பிப்ரவரியில் மதுரவாயலில் இறந்தார். அதே ஆண்டு நவம்பரில் அமைதிப் பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது.

அவர் கதையைப் படிக்கும்போதெல்லாம் பெருமையோடு சின்ன வருத்தமும் வரும். ஒரு பெண் காட்டில் தனியாக நடக்க வேண்டுமென்றால் உலகம் மெச்சும் அறிஞராக இருக்க வேண்டியிருந்தது. மரத்தின் பெயர் தெரியாதவளுக்கும் மரத்தடியில் உட்கார உரிமை உண்டு என்று சொல்ல இன்னும் பல பத்தாண்டுகள் ஆயின. நகரத் தெருவில் பெண்கள் காரணமின்றித் திரியும் உரிமையைப் பற்றி மும்பையை வைத்து ஷில்பா பட்கே, சமீரா கான், ஷில்பா ரானடே மூவரும் எழுதிய 'ஒய் லாய்ட்டர்?' நூல் வந்ததே 2011இல்தான்.

ஊருக்குள்ளே ஒரு காடு

மலை இல்லாத ஊர் என்றேன். காடு இருக்கிறது. அடையாறுக்கும் கிண்டிக்கும் நடுவே சுமார் 270 ஹெக்டேர். இந்தக் கடற்கரைக்கே உரிய வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காட்டின் மிச்சம். ஆளுநர் மாளிகையின் வேட்டைக் காடாக இருந்ததிலிருந்து குழந்தைகள் பூங்காவுக்கும் நினைவு மண்டபங்களுக்கும் ஐ.ஐ.டி.க்கும் வெட்டிக் கொடுத்தது போக மிஞ்சியது 1978இல் கிண்டி தேசியப் பூங்கா ஆனது. வெளிமானும் புள்ளிமானும் வாழும் இடம். வேலிக்கு வெளியே சர்தார் பட்டேல் சாலையில் பேருந்தில் நின்றுகொண்டு போகும் பெண்களுக்கு அந்தக் காடு ஒரு மதில் சுவர் மட்டுமே.

ஆற்றின் அதே கரையில் பிரம்மஞான சபைத் தோட்டம். 1917இல் மார்கரெட் கசின்ஸ், டோரதி ஜினராஜதாசா, அன்னி பெசன்ட் முதலியோர் இந்திய மாதர் சங்கத்தை அடையாறில்தான் தொடங்கினார்கள். வாக்குரிமை, குழந்தைத் திருமணத் தடை, பெண்கல்வி என்று அவர்கள் கேட்ட பட்டியல் நீளமானது. அந்தப் பட்டியலில் 'பெண்ணுக்குத் திறந்த வெளி வேண்டும்' என்று தனியாக ஒரு வரியை நாம் எதிர்பார்க்க முடியாது. ஆனால் அவர்கள் வென்ற ஒவ்வொன்றும் வாசற்படியைத் தாண்டுவதைப் பற்றியதுதான்.

என் தலைமுறைச் சென்னைப் பெண்கள் பலருக்கு இயற்கையோடு முதல் சந்திப்பு மலையில் நடக்கவில்லை, கடற்கரையில் நடந்தது. 1988 முதல் மாணவர் கடலாமைப் பாதுகாப்புக் குழுவினர், பங்குனி ஆமைகள் முட்டையிட வரும் மாதங்களில், இரவில் நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை நடக்கிறார்கள். ஆமையின் தடம் கண்டால் மணலில் குச்சியால் குத்திப் பார்த்து, முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்தில் பத்திரமாகப் புதைப்பார்கள். நானும் கல்லூரி நாளில் ஒருமுறை போனேன். நள்ளிரவுக்குப் பிறகு, தெருவிளக்கு இல்லாத கடற்கரையில், பயப்படாமல் நடந்த முதல் அனுபவம் அது. கூட்டமாகப் போனோம், ஆமையைக் காப்பாற்றப் போனோம். ஆகவே வீட்டில் விட்டார்கள். அன்று ஆமை வரவில்லை. ஆறேழு கிலோமீட்டர் சும்மாதான் நடந்தோம். அதைப் போலொரு நடை அதற்கு முன் எனக்கு வாய்த்ததில்லை.

சாமி தரும் அனுமதி, சாமி மறுக்கும் அனுமதி

அம்மா 'டிரெக்கிங்' என்ற சொல்லைப் பயன்படுத்தியதே இல்லை. ஆனால் பர்வதமலையைக் கடப்பாரைப் பாதை வழியாக ஏறியிருக்கிறார். பௌர்ணமிதோறும் திருவண்ணாமலையில் பதினான்கு கிலோமீட்டர் கிரிவலம் போயிருக்கிறார், அதுவும் வெறுங்காலோடு. தி.நகரிலும் மயிலாப்பூரிலும் அவர் வயதுப் பெண்கள் பலரிடம் கேட்டுப் பாருங்கள், இப்படி ஒரு கணக்கு இருக்கும். வேண்டுதல் என்று சொல்லிவிட்டால் யாரும் "அங்க என்ன இருக்கு?" என்று கேட்பதில்லை. இரவுப் பயணம், தோழிகளோடு சிரிப்பு, சாலையோரக் கடையில் டீ எல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கிவிடும். பக்தியைக் குறைத்துச் சொல்லவில்லை. பக்தியின் நிழலில் பெண்கள் தங்களுக்கென்று கொஞ்சம் வானத்தையும் எடுத்துக்கொண்டார்கள் என்கிறேன்.

அதே சாமியின் பெயரால் மூடப்பட்ட மலைகளும் உண்டு. கோவை வெள்ளியங்கிரியின் ஏழு மலையையும் ஏறிப்போகும் பாதையில் பருவமடைந்த பெண்கள் போகக்கூடாது என்பது வழக்கம். சபரிமலையில் 10 முதல் 50 வயதுப் பெண்களுக்கு இருந்த தடையை 1991இல் கேரள உயர் நீதிமன்றம் உறுதி செய்தது. 2018 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் நான்குக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் அதை நீக்கியது. அந்த ஒரு மாறுபட்ட தீர்ப்பை எழுதியவர் அமர்வின் ஒரே பெண் நீதிபதி. அதன்பின் நடந்தது நமக்குத் தெரியும்.

அவ்வளவாகப் பேசப்படாதது பொதிகையின் கதை. தமிழ் பிறந்த மலை என்று நாம் பாடும் அகத்திய மலையின் உச்சி, அகத்தியர்கூடம், 1,868 மீட்டர். கேரளத்துப் பக்கமிருந்து வனத்துறை ஆண்டுதோறும் நடத்தும் மலையேற்றத்தில் பெண்களுக்கு உச்சி மறுக்கப்பட்டிருந்தது. பாதை கடினம், பாதுகாப்பு இல்லை என்றார்கள். அகத்தியர் பிரம்மச்சாரி என்றும் சொன்னார்கள். (லோபாமுத்திரையை இவர்கள் எங்கே அனுப்பிவிட்டார்களோ!) பெண்கள் அமைப்புகள் நீதிமன்றம் போயின. 2018 நவம்பரில் கேரள உயர் நீதிமன்றம் பாலினத்தை வைத்துத் தடுக்கக் கூடாது என்றது. 2019 ஜனவரியில் தான்யா சனல் உச்சிக்குப் போனார். அந்த மலையைத் தெய்வமாக வணங்கும் காணி மக்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள்; அவரைத் தடுக்கவில்லை.

இங்கே பெண்ணியவாதிகளான நாம் அவசரப்படாமல் நிற்க வேண்டும். வனத்துறையின் விதி வேறு, காணிகளின் வழிபாடு வேறு. முன்னது அரசின் பாகுபாடு, அது போகத்தான் வேண்டும். பின்னது அந்த மண்ணில் எல்லோருக்கும் முன்பிருந்து வாழும் மக்களின் நம்பிக்கை. அதோடு நாம் பேசித்தான் ஆக வேண்டும், குறிப்பாக அங்குள்ள காணிப் பெண்களோடு.

விறகு எடுத்தால் திருட்டு

நகரத்துப் பெண்ணுக்குக் காடு அனுமதி வாங்கிப் போகும் இடம். காட்டோரத்துப் பெண்ணுக்கோ அது விறகும் கிழங்கும் தேனும் தழையும் தந்த இடம். 1882ஆம் ஆண்டின் மதராஸ் வனச் சட்டம் அந்தக் காடுகளைக் காப்புக் காடுகளாக்கியது. ஒரே கையெழுத்தில் அன்றாட வேலை குற்றமானது. தலைச்சுமையோடு இறங்கும் பெண் வனக்காவலரைக் கண்டால் ஓட வேண்டியவளானாள். அந்த உரிமைகளைச் சட்டம் திரும்ப ஒப்புக்கொள்ள 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இந்த உறவின் மிகக் கொடிய பக்கம் வாச்சாத்தி. தருமபுரி மாவட்டம், சித்தேரி மலையடிவாரம். 1992 ஜூன் 20 அன்று சந்தன மரம் தேடுகிறோம் என்று வனத்துறையினரும் காவல்துறையினரும் வருவாய்த்துறையினரும் அந்தப் பழங்குடிக் கிராமத்துக்குள் புகுந்தார்கள். வீடுகளைச் சூறையாடினார்கள். பதினெட்டுப் பெண்களைப் பாலியல் வன்கொடுமை செய்தார்கள். குற்றம் சாட்டப்பட்ட அரசு ஊழியர்கள் 269 பேர். 2011 செப்டம்பர் 29 அன்று தீர்ப்பு வந்தபோது 54 பேர் இறந்துவிட்டிருந்தார்கள். மீதி 215 பேரும் குற்றவாளிகள் என்றது நீதிமன்றம். மேல்முறையீட்டில் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது 2023இல். முப்பத்தோரு ஆண்டுகள் அந்தப் பெண்கள் தங்கள் சாட்சியத்திலிருந்து நகரவில்லை.

சித்தேரிக்கு இன்று நம்மைப் போன்றவர்கள் மலை பார்க்கப் போகிறோம். போகலாம். ஆனால் அந்த மலையில் சீருடையைப் பார்த்தால் நமக்கு வருவது பாதுகாப்பு உணர்வு, அவர்களுக்கு வந்தது வேறு என்ற நினைவோடு போக வேண்டும்.

குரங்கணி

2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. தேனி மாவட்டம் குரங்கணி மலையில், கொழுக்குமலைப் பக்கமிருந்து இறங்கிக்கொண்டிருந்த மலையேற்றக் குழுக்களைக் காட்டுத் தீ சூழ்ந்தது. ஒரு குழு சென்னையிலிருந்து, மகளிர் தினத்தை ஒட்டிப் போனது. அதில் பெரும்பாலோர் பெண்கள். இன்னொன்று ஈரோடு, திருப்பூர்ப் பக்கத்திலிருந்து. காய்ந்த புல் மூடிய சரிவு, பலத்த காற்று, ஓட வழியில்லாத பள்ளம். மொத்தம் 23 உயிர்கள் போயின. விமானப்படை ஹெலிகாப்டர்கள் வருவதற்கு முன்பே ஓடி வந்தவர்கள் மலையடிவார மக்கள். போர்வையிலும் கம்பிலும் டோலி கட்டி, வெந்த உடல்களைத் தோளில் தூக்கி இறக்கினார்கள். ஒரு நூற்றாண்டுக்கு முன்பு சீமாட்டிகளைத் தூக்கியது போன்ற தோள்கள்தான். இந்த முறை கூலிக்குத் தூக்கவில்லை.

அந்த வாரம் லஸ் முனையில் பேருந்துக்கு நின்றபோதும், அலுவலகச் சாப்பாட்டு மேசையிலும், உறவினர் வீட்டிலும் நான் கேட்ட பேச்சு இன்னும் காதில் இருக்கிறது. "பொம்பளைப் பிள்ளைங்களுக்கு எதுக்கு இந்த வேலை?" "கல்யாணமானவளுமா போயிருக்கா?" "வீட்ல எப்படி விட்டாங்க?" இறந்தவர்களில் ஆண்களும் இருந்தார்கள். அவர்களைப் பற்றி யாரும் "வீட்டில் எப்படி விட்டார்கள்" என்று கேட்கவில்லை.

கேட்க வேண்டிய கேள்விகள் இருந்தன. தீ பிடிக்கும் காலத்தில் அந்தப் பாதைக்குள் ஆட்களை விட்டது யார்? எந்தப் பாதைக்கு அனுமதி, எந்தப் பாதையில் போனார்கள்? வழிகாட்டிக்குத் தீயைப் பற்றி என்ன பயிற்சி இருந்தது? இவை உயிரைக் காக்கும் கேள்விகள். "ஏன் போனாள்?" என்பது எந்த உயிரையும் காக்காது. அடுத்தவளை வீட்டில் உட்கார வைக்கும், அவ்வளவுதான். உட்காரவும் வைத்தது. அந்த ஆண்டு எனக்குத் தெரிந்த மூன்று தோழிகளின் மலையேற்றக் காலணிகள் பரணுக்குப் போயின. அரசு மலையேற்றத்தை நிறுத்தி வைத்து, பிறகு விதிகள் கொண்டுவந்தது. வீட்டுத் தடையை நீக்க எந்த அரசாணையும் இல்லை.

இனி

2023 மே மாதம் முத்தமிழ்ச்செல்வி எவரெஸ்ட் உச்சியை அடைந்தார். தமிழ்நாட்டிலிருந்து அந்த உச்சியைத் தொட்ட முதல் பெண் என்று செய்தித்தாள்கள் கொண்டாடின. மகிழ்ச்சிதான். ஆனால் சாதனை என்பதும் ஒரு காரணம்தான். சாதிக்காதவளின் மலை என்ன ஆயிற்று என்பதே என் கவலை.

2024 அக்டோபரில் தமிழக அரசு 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தைத் தொடங்கியது. 14 மாவட்டங்களில் 40 பாதைகள். இணையத்தில் பதிவு, அடையாள அட்டை, கட்டணம், பயிற்சி பெற்ற வழிகாட்டி. வழிகாட்டிகளில் பழங்குடி இளைஞர்களும் பெண்களும் உண்டு. எழுதப்பட்ட விதி என்பது பெண்களுக்கு நல்லது என்றே நான் நினைக்கிறேன். வயது, உடல்நலம், பாதையின் கடினம் என்று விதி இருந்தால் அதோடு வாதாட முடியும். 'பெண் என்பதால்' என்று எங்கும் எழுதாமலே நடக்கும் தடையோடுதான் வாதாட முடியாது.

கேட்க இன்னும் நிறைய இருக்கிறது. பாதை தொடங்கும் இடத்தில் தண்ணீர் வரும் கழிப்பறை. நாப்கினை மடித்து எடுத்துவர உறை, போட ஒரு கூடை. நிறையப் பெண் வழிகாட்டிகள், அவர்களுக்கு மாதச் சம்பளம். தி.நகர் துணிக்கடையில் நாள் முழுக்க நின்று வேலை பார்க்கும் பெண்ணும், அடையாறில் நான்கு வீட்டில் பாத்திரம் தேய்க்கும் அக்காவும் ஒரு நாளாவது போகும்படியான கட்டணம். கிண்டிக் காட்டில் பள்ளிப் பெண்களுக்கு மாதம் ஒரு காலை நடை. இவற்றில் எதற்கும் எவரெஸ்ட் தேவையில்லை.

வீட்டில் கேட்கும் கேள்விக்கும் ஒரு பதிலைத் தயாராக வைத்துக்கொள்ளலாம். "அங்க என்ன இருக்கு?" என்றால் மருந்து, மூலிகை, தரிசனம், உடற்பயிற்சி என்று பட்டியல் போட வேண்டாம். அருவியும் பாறையும் காற்றும் இருக்கின்றன. ஒரு நாள் முழுக்க யாருக்கும் சமைக்காமல் அவற்றைப் பார்த்துவிட்டு வரப் போகிறோம். எத்தனை மணிக்கு இறங்குவோம், வழிகாட்டியின் எண் என்ன என்பதை எழுதி வைத்துவிட்டுப் போவோம். மற்றபடி, சும்மா.